நோட்பேடில் ஒட்டிப் பார்த்த என் ரெஸ்யூம்

நாலு மாதம் அந்த மென்பொருளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பெருங்குடியில், ஒரு பெரிய குழுமத்தின் கம்பெனிகளுக்கெல்லாம் சேர்த்துக் கணக்கு பார்க்கும் ஆபீஸ் அது. சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸைப் பர்ச்சேஸ் ஆர்டரோடும், சரக்கு இறங்கியதற்கான ஜி.ஆர்.என்.னோடும் ஒப்பிட்டு, மூன்றும் ஒத்துப்போனால் பணம் போக விடுவது எங்கள் பிரிவின் வேலை. ஸ்கேன் செய்த பில்லைத் தானே படித்துக்கொள்ளும் மென்பொருள் வந்தபோது, அது தப்பாகப் படிக்கும் இடங்களைத் திருத்தச் சொன்னார்கள். டெலிவரி சலான் நம்பரை இன்வாய்ஸ் நம்பர் என்று எடுக்கும். பட்டறைக்காரர் கையால் எழுதிய 7-ஐ 1 என்று படிக்கும். திருத்தத் திருத்த நன்றாகவே கற்றுக்கொண்டது. 2024 ஏப்ரலில், ஆண்டுக் கணக்கு முடிந்த கையோடு, 22 பேர் இருந்த பிரிவுக்கு 7 பேர் போதும் என்றார்கள். நான் எட்டாவது ஆள் போலிருக்கிறது.

எனக்கு அப்போது 39 வயது. குரோம்பேட்டையில் வாடகை வீடு, பையன் ஒன்பதாவது போகிறான். அதற்கு முன் நான் வேலை தேடியது 2011-ல். பேப்பரில் விளம்பரம் பார்த்து, சர்டிபிகேட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் உண்டா இல்லையா என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்த முறை முதல் மூன்று மாதத்தில் 146 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், பையனின் பழைய லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு ஒவ்வொன்றையும் எழுதி வைத்தேன். கணக்குப்பிள்ளை புத்தி போகாது. 146-க்குப் போன் வந்தது மூன்று. அதில் ஒன்று, இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகிறீர்களா என்று கேட்டு.

ஒரு நாள் ராத்திரி 11.40-க்கு ஒரு கம்பெனிக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் 11.43-க்கு மெயில். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம். மூன்று நிமிஷத்தில், அதுவும் அந்த நேரத்தில், என் பதின்மூன்று வருஷத்தைப் படித்தது யார்? அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. கம்ப்யூட்டர்தான் என்னைத் தள்ளுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த முடிவு பாதிதான் சரி என்பதைக் காட்டியவள் எங்கள் மாடி வீட்டு அக்காவின் மகள். கிண்டியில் ஒரு கன்சல்டன்சியில் ரெக்ரூட்டராக இருக்கிறாள். ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவளிடம் போய், "ஒரு மணி நேரம் உன் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். "பாருங்க ஆன்ட்டி. ஆனா யாரோட பேரு, நம்பர் எதையும் குறிச்சுக்காதீங்க" என்றாள்.

அவளிடம் இருந்தது என் வேலையேதான். அக்கவுண்ட்ஸ் பேயபிள், சென்னை. விளம்பரம் போட்டு நாலு நாளில் 600-க்கு மேல் விண்ணப்பங்கள் வந்து கிடந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் திறக்கவில்லை. "இத்தனையை யாரு படிக்கிறது?" என்று சொல்லிவிட்டு நேராக நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தின் தேடல் பெட்டிக்குப் போனாள். ஏற்கெனவே லட்சக்கணக்கானவர்கள் ஏற்றி வைத்திருக்கும் ரெஸ்யூம்களில் தேடுவதற்கான பெட்டி அது. 'அக்கவுண்ட்ஸ் பேயபிள்', கணக்கு மென்பொருளான 'எஸ்.ஏ.பி.', 'ஜி.எஸ்.டி.' என்று மூன்று சொல் போட்டாள். பக்கத்தில் வரிசையாக வடிகட்டிகள்: அனுபவம் 5 முதல் 10 வருஷம், ஊர் சென்னை, சம்பளம் இவ்வளவுக்குள், நோட்டீஸ் பீரியட் 15 நாள், கடைசி 15 நாளில் உள்ளே வந்தவர்கள் மட்டும். தட்டினாள். 71 பேர் மிஞ்சினார்கள். முதல் பக்கத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் திறந்தாள். ஓடி வரும் பஸ்ஸின் போர்டை நாம் படிக்கிற நேரம்கூட ஆகவில்லை, அடுத்தது, அடுத்தது. அரை மணியில் ஆறு பேருக்குப் போன் பேசி முடித்தாள். அந்த 600 அப்படியே கிடந்தது.

"என்னைத் தேடு பார்ப்போம்" என்றேன்.

நான் வரவில்லை. ஃப்யூஸ் எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பதுபோல் ஒவ்வொரு வடிகட்டியாக எடுத்துப் பார்த்தாள். அனுபவம் 10 என்று முடிவதால் 13 வருஷக்காரி அங்கேயே போய்விட்டேன். சரி, அதை எடுத்தாயிற்று, அப்போதும் வரவில்லை. நோட்டீஸ் பீரியட் என்ற இடத்தில் '3 மாதம்' என்று இருந்தது. வேலையில் இருந்தபோது எப்போதோ போட்டது. வேலையே இல்லாமல் மூன்று மாதமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவள், சேர மூன்று மாதம் ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்! அதையும் எடுத்தாள். அப்போதும் இல்லை. கடைசியில் 'அக்கவுண்ட்ஸ் பேயபிள்' என்ற சொல்லை எடுத்த பிறகுதான் நான் வந்தேன். எங்கள் ஆபீஸில் எல்லோரும் அதை 'ஏ.பி.' என்போம், ஆர்டர் போடுவதிலிருந்து பணம் கொடுப்பது வரை சேர்த்து 'பி.டு.பி.' என்போம். அதையேதான் எழுதியிருந்தேன். பதவி என்ற இடத்தில் 'ப்ராசஸ் அசோசியேட், லெவல் 3'. அது எங்கள் கட்டடத்துக்கு வெளியே யாருக்கும் ஒன்றும் சொல்லாத பெயர். அந்தப் பெயரைப் போட்டு உலகத்தில் யாரும் ஆள் தேடமாட்டார்கள்.

மூன்று நிமிஷ மெயிலைப் பற்றியும் கேட்டேன். அந்த விண்ணப்பத்தில் என்னென்ன கேள்வி இருந்தது என்றாள். நோட்டைப் புரட்டினேன். 'மாறி மாறி வரும் ஷிஃப்ட் சம்மதமா?' என்று ஒன்று இருந்தது. இல்லை என்று டிக் செய்திருந்தேன். சிரித்தாள். "மெஷின் ரிஜெக்ட் பண்ணல ஆன்ட்டி. 'நோ'ன்னு வந்தா ரிஜெக்ட் பண்ணுன்னு யாரோ ஒரு ஆள் முன்னாடியே டிக் போட்டு வச்சிருக்காங்க."

இதற்காக மென்பொருளுக்கு நல்ல சர்டிபிகேட் கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அமேசான் ஒரு காலத்தில் ரெஸ்யூம்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்றைச் செய்து பார்த்தது. பத்து வருஷ விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய அந்த மென்பொருள், விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருந்ததால், 'பெண்கள்' என்ற சொல் வந்த ரெஸ்யூம்களைக் கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. திட்டத்தையே கைவிட்டார்கள், 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது. எங்கள் ஆபீஸ் மென்பொருளும் நாங்கள் திருத்தியதைத்தானே கற்றது? நாங்கள் ஒரு தப்பை விட்டிருந்தால் அதையும் கற்றிருக்கும்.

அன்று சாயங்காலமே ரெஸ்யூமைப் பிரித்துப் போட்டோம். இலவசமாகக் கிடைத்த வேர்டு டெம்ப்ளேட் அது. இடது பக்கம் கருநீலப் பட்டை, அதற்குள் என் திறமைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மேலே ஹெடரில் பெயரும் போன் நம்பரும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க" என்றாள். ஒட்டினேன். பெயர் இல்லை, நம்பர் இல்லை. நீலப் பட்டைக்குள் இருந்த திறமைகள் ஒன்றும் இல்லை. அது டெக்ஸ்ட் பாக்ஸாம். தலையில்லாத முண்டம் மாதிரி '2011 முதல்' என்று நடுவிலிருந்து தொடங்கியது என் வாழ்க்கை. எல்லா மென்பொருளும் இப்படியே படிக்கும் என்றில்லை, சில நன்றாகவே படிக்கின்றன. ஆனால் நாம் அனுப்பும் இடத்தில் எது இருக்கிறது என்று நமக்குத் தெரியப்போவதில்லை. நோட்பேடில் ஒழுங்காக விழுந்தால் அநேகமாக எங்கேயும் ஒழுங்காக விழும்.

இதற்கு இன்னொரு சோதனை, காசில்லாமல் கிடைப்பது. கம்பெனிகள் விண்ணப்பம் வாங்கும் வொர்க்டே மாதிரி தளங்களில் ரெஸ்யூமை ஏற்றியதும் மீதிப் படிவத்தை அதுவே நிரப்பிக் காட்டும். எரிச்சலோடு அதைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடுவோம். திருத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நம் ரெஸ்யூமை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு அதுதான் சாட்சி. என் முதல் படிவத்தில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பி.காம்.' என்று இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இந்த வொர்க்டேயில் கம்பெனிக்குக் கம்பெனி தனி அக்கவுண்ட், தனி பாஸ்வேர்டு என்பது வேறு கொடுமை. நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அதுதான்.

புது ரெஸ்யூம் பார்க்க அழகாக இல்லை. ஒரே பத்தி வரிசை, படம் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. 'அக்கவுண்ட்ஸ் பேயபிள்' என்று முழுசாக ஒரு முறை, 'ஏ.பி.' என்று சுருக்கமாக ஒரு முறை. ஆபீஸ் கொடுத்த பதவிப் பெயருக்குப் பக்கத்திலேயே, வெளியில் அந்த வேலைக்கு என்ன பெயரோ அது. பெயருக்குக் கீழே முதல் வரியாக 'இமீடியட் ஜாய்னர்'. வேலை போனதை மறைக்க வேண்டிய விஷயமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பல இடங்களில் 90 நாள் நோட்டீஸ் இருக்கும் ஊரில், நாளைக்கே வருகிறேன் என்று சொல்ல முடிவது ஒரு சரக்கு என்பது அன்றுதான் புரிந்தது. அந்தக் 'கடைசி 15 நாள்' வடிகட்டி என்னைத் தள்ளிவிடாமல் இருக்க, திங்களும் வியாழனும் காலையில் உள்ளே போய் நௌக்ரியில் ஏதாவது ஒரு வரியை மாற்றிச் சேமிப்பேன். அடுத்த இரண்டு வாரத்தில் ஒன்பது போன்கள் வந்தன, நான் எங்கேயும் விண்ணப்பிக்காமலே.

போன் வந்துவிட்டால் வேலை வந்துவிடாது. என் பெரிய அசடு அதற்குப் பிறகுதான் நடந்தது. சாட்ஜிபிடியிடம் ரெஸ்யூமைக் கொடுத்து நன்றாக எழுதித் தரச் சொன்னேன். அடேயப்பா, நான்தானா என்று இருந்தது. பல துறைகளை ஒருங்கிணைத்தேனாம், செயல்முறைச் செலவை 35 சதவீதம் குறைத்தேனாம். அந்த 35 எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை. ஒரு நல்ல கம்பெனியின் ஃபைனான்ஸ் மேனேஜர் போனில் கேட்டார்: "35 பர்சென்ட்னு போட்டிருக்கீங்களே மேடம், எந்த பேஸ்ல கணக்கு பண்ணீங்க?" பதின்மூன்று வருஷம் மற்றவர்களின் பில்லில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் திருப்பி அனுப்பியவள் நான். வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் மரியாதையாகவே பேசி வைத்தார். அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

மாடி வீட்டுப் பெண் சொன்னாள், இப்போது வரும் ரெஸ்யூம்கள் எல்லாமே ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கிறதாம். எல்லோரும் தலைமை தாங்கியிருக்கிறார்கள், எல்லோரும் செலவைக் குறைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கருவியை இரண்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று, ஆங்கிலப் பிழை திருத்த. இன்னொன்று, விளம்பரத்தையும் என் ரெஸ்யூமையும் கொடுத்து, விளம்பரத்தில் இருந்து என்னிடம் இல்லாத சொல் எது என்று கேட்க. அந்த வேலை எனக்கு உண்மையிலேயே தெரியும் என்றால் மட்டும் சேர்ப்பேன்.

சரி, எனக்கு மட்டும் தெரிந்தது என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன். 2024 மார்ச் ஞாபகம் வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று புதுப் பிரிவு வந்த முதல் ஆண்டு முடிவு அது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கிவிட்டு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள், அதற்குள் பணம் தராமல் ஆண்டைத் தாண்டவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. ஆபீஸே அல்லாடியது. எந்த சப்ளையர் அதில் வருவார் என்று யாரிடமும் சுத்தமான பட்டியல் இல்லை. நானும் இன்னொரு பெண்ணும் மூன்று வாரம் சப்ளையர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிந்ததற்கான உத்யம் சர்டிபிகேட் வாங்கினோம். வாங்கினால் மட்டும் போதாது. அதில் மைக்ரோ, ஸ்மால் என்று இருக்கிறதா, மீடியமா என்று பார்க்க வேண்டும். மீடியம் இதில் வராது. உற்பத்தியா, சேவையா, வெறும் வாங்கி விற்பதா என்று பார்க்க வேண்டும். வாங்கி விற்பவருக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது, பில்லில் எழுதியிருந்தால்தானே அது படிக்கும். ரெஸ்யூமில் வேலை அனுபவத்தின் முதல் வரியாக அதைப் போட்டேன்: 2023-24 ஆண்டு முடிவில் சப்ளையர்களின் உத்யம் நிலையைச் சரிபார்த்துப் பட்டியல் எடுத்தது. பிறகு போனில் பேசிய எல்லோரும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

நடுவில் ஒரு வீடியோ இன்டர்வியூ. எதிரில் மனுஷர் கிடையாது, திரையில் கேள்வி வரும், முப்பது விநாடி யோசிக்கலாம், இரண்டு நிமிஷம் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். ஆடி மாசம் ஞாயிற்றுக்கிழமை. கேள்வி திரையில் வந்த அதே நொடியில் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற ஸ்பீக்கரைப் போட்டார்கள். எல்லா ஜன்னலையும் சாத்தி, வியர்வை வழிய வழிய, மாதக் கணக்கு முடிப்பதைப் பற்றிக் கத்திச் சொன்னேன். முகபாவத்தை வைத்து மார்க் போடுவார்களோ என்று வேறு பயம். இந்தத் தொழிலில் பெரிய பெயரான ஹயர்வ்யூ, முகத்தை ஆராய்வதை விட்டுவிட்டதாக 2021-லேயே அறிவித்துவிட்டது என்று பிறகுதான் படித்தேன். குரல் எடுத்தெழுதப்பட்டு, சொன்ன சொற்கள்தான் முக்கியமாகப் பார்க்கப்படுமாம். நான் சொன்னதில் பாதி அம்மன் பாட்டாக விழுந்திருக்கும். அந்த வேலை வரவில்லை. அவகாசம் இரண்டு நாள் இருந்தது, நான்தான் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

மோசடிக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸாப்பில் இன்டர்வியூ இல்லாமலே ஆஃபர் லெட்டர் வரும், லேப்டாப்புக்கு முன்பணம் 2,500 ரூபாய் கட்டச் சொல்வார்கள். என்னோடு வேலை போன தம்பி ஒருவன் கட்டிவிட்டு என்னிடம் வந்து அழுதான். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போட வைத்தேன். பணம் வாங்கிக்கொண்டு வேலை தருகிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

இனி வேலை கிடைத்த கதை. இத்தனை நாளும் என் வேலை போனது வீட்டுக்காரருக்கும் மாடி வீட்டுக்கும்தான் தெரியும். மாமியாரிடம்கூட வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். என்னைத் தெரியாத 146 இடத்துக்குக் கைநீட்டியவள், என்னைத் தெரிந்த ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு சப்ளையரின் அக்கவுண்டன்ட் போன் செய்தார். வயசானவர், எட்டு வருஷமாகப் போனிலேயே பழக்கம், முகம் பார்த்ததில்லை. "மேடம், எங்க பில் ரெண்டு பென்டிங்ல இருக்கு, இப்பல்லாம் யாருகிட்ட கேக்குறதுன்னே தெரியல. மெயில் போட்டா மெஷின் பதில் போடுது."

"சார், நான் அங்க இல்லை. ஏப்ரல்லயே அனுப்பிட்டாங்க" என்றேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்றார். மேடம் அம்மாவாகிவிட்டது. அவர்கள் சரக்கு கொடுக்கும் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பேயபிள்ஸுக்கு ஆள் தேடுகிறார்கள், அங்கே இருப்பவர் தனக்குப் பழக்கம் என்றார்.

அப்போதும் போர்ட்டலில் ஏற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அங்கே வேலை செய்பவர் ஒருவர் தன் ரெஃபரல் லிங்க்கை அனுப்பினார். அதன் வழியாகப் போனால் விண்ணப்பத்தின்மேல் அவர் பெயர் ஒட்டிக்கொண்டு போகிறது, ஹெச்.ஆர். திறந்து பார்க்கிறார். 13 வருஷம் என்பது அங்கே வடிகட்டியில் மாட்டவில்லை, ஏனென்றால் யாரும் வடிகட்டியே போடவில்லை. இன்டர்வியூவில் ஒரு எக்ஸெல் ஃபைலைக் கொடுத்து, சப்ளையர்கள் ஜி.எஸ்.டி.யில் காட்டிய பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யையும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டச் சொன்னார்கள். இன்வாய்ஸ் நம்பரின் முன்னால் இருந்த பூஜ்யங்களை எக்ஸெல் முழுங்கியிருந்தது. அதுதான் பாதி வித்தியாசம். இருபது நிமிஷத்தில் முடித்தேன்.

ஆஃபர் வந்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை. பின்னணிச் சரிபார்ப்பில் என் பி.எஃப். கணக்கைப் பார்த்தார்கள், பழைய கம்பெனி நான் விலகிய தேதியைப் போடாததால் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகக் காட்டியது. பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். தளத்தில் உள்ளே போனால் விலகிய தேதியை நாமே பதிய வழி இருக்கிறது, கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தால் போதும். வேலை போனவர்கள் இதை முதலிலேயே முடித்து வையுங்கள். எனக்கு இதனால் சேரும் தேதி பத்து நாள் தள்ளிப்போனது, அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை.

அக்டோபரில் சேர்ந்தேன். சம்பளம் பழையதைவிட மாதம் நாலாயிரம் குறைவு. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ் 6.40-க்கு. அம்பத்தூர் சாரின் கம்பெனி பில் எங்களிடம் வந்தால் நானே பார்க்கிறேன். தப்பு இருந்தால் திருப்பியும் அனுப்புகிறேன், அவரும் சிரித்துக்கொண்டே திட்டுகிறார்.

நௌக்ரியில் இருந்து இன்னும் போன் வருகிறது. போன வாரம் பஸ்ஸில் வரும்போது ஒரு பெண். அக்கவுண்ட்ஸ் பேயபிள், எஸ்.ஏ.பி., ஜி.எஸ்.டி., எல்லாம் பொருந்துகிறது மேடம், சம்பளமும் நீங்கள் கேட்பதைத் தருவார்கள் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள்.

"நோட்டீஸ் பீரியட் எவ்ளோ மேடம்?"

"தொண்ணூறு நாள்."

"ஓ" என்றாள். வைத்துவிட்டாள்.